மலைச் சாலையில் இறங்கும் மிதிவண்டி



சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கும் சமயம், ஒரு மாலையில் எங்கள் பள்ளி வாசலில் ஒரு தாயார் வந்து நின்றார். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனையாக மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறவர். அவருடைய மகன் எங்கள் பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, அப்போது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்தில் இருந்தான்.

"சார், இவன் ஈப்போவில் ஒரு பழைய ரேஸ் சைக்கிள் வாங்கியிருக்கிறான். நாலு பையன்கள் சேர்ந்து சைக்கிளை லோரியில் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போய், அங்கிருந்து தாப்பாவுக்கு ஓட்டிக்கொண்டே இறங்கப் போகிறார்களாம். விடட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால், வேண்டாம் என்று முன்பு ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறோம். அவன் எங்கள் முன்னால் தலையாட்டிவிட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கினான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். இன்றைய பேச்சு, அந்தத் தாயாரின் கேள்விக்கு நாங்கள் தேடிய பதில்தான். சைக்கிள் ஓட்டும் பிள்ளை உள்ள எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. சமதரையில் சைக்கிள் ஓட்டுகிறவன் வேகத்தைத் தன் கால்களால் சம்பாதிக்கிறான். மிதித்தால் வண்டி போகும், களைத்தால் தானே நிற்கும். இறக்கத்தில் அப்படியில்லை. அங்கே வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. 100 மீட்டர் தூரத்துக்கு 8 மீட்டர் இறங்குகிற ஒரு நீண்ட சரிவில், மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே வண்டி மணிக்கு 55, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் மோட்டார் சைக்கிளின் வேகம் பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது. நிறுத்துவதற்கு மட்டும் அவன் கையில் இருப்பது இரண்டு கம்பிகளும் நான்கு சிறிய ரப்பர் கட்டைகளும்தான்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதுவது, ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி வீட்டின் கூரையிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. உயரமோ இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது, பார்த்தீர்களா? வேகம் இரு மடங்கானால் அடியின் பலம் நான்கு மடங்காகும். நிறுத்தத் தேவைப்படும் தூரமும் அப்படியே. நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் பழகிய கையும் இருந்தால், சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 3 மீட்டர் போதும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 12 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டருக்கு 28 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு விநாடி கழிந்தால், அந்த ஒரு விநாடியில் 60 கிலோமீட்டர் வேக வண்டி இன்னும் 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். சரிவாக இருந்தால் இந்தத் தூரங்கள் எல்லாம் மேலும் நீளும்.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாத எங்கள் தகப்பனார் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் பால்மரம் வெட்டினார். மேட்டுக்காட்டில் வெட்டிய பாலை இரண்டு வாளிகளில் ஊற்றி, சைக்கிளின் இரு பக்கமும் தொங்கவிட்டு, கீழே இருந்த ஸ்டோருக்குக் கொண்டு வருவார். அந்த இறக்கம் வந்ததும் வண்டியை விட்டு இறங்கிவிடுவார். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் இருக்கையையும் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வருவார். பாரம் கூடினால் வண்டி நிற்க மறுக்கும் என்பது அவருக்குத் தெரியும். சிறு பையன்களாக இருந்த எங்களுக்கோ அது வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குப் பயம் என்று நினைத்தோம்.

பயமில்லை என்று காட்ட நாங்களும் ஒரு நாள் அதே வண்டியில் அதே இறக்கத்தில் விட்டோம். அப்போது எங்களுக்குப் பன்னிரண்டு வயது. பிரேக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொரு பிரேக் உண்டல்லவா, காலில் கிடக்கும் சிலிப்பர்? அதைப் பின்சக்கரத்தில் வைத்து அழுத்தினோம். பாதி இறக்கத்தில் சிலிப்பரின் வார் அறுந்தது. கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாயில் வண்டியோடு போய் விழுந்தோம். முழங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. வகுப்பில் வேகம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் சட்டைக் கையை மடக்கி அதைக் காட்டுவது எங்கள் வழக்கம். எந்தப் பாடநூலையும்விடப் பிள்ளைகள் அந்தத் தழும்பைத்தான் கவனமாகப் பார்க்கிறார்கள்.

முன்பே சொன்ன அந்தப் பையனின் கதைக்கு வருவோம். நம் நாட்டில் பசிகால் லாஜாக் என்று பிள்ளைகள் சொல்கிற ஒரு வகை வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சின்னச் சைக்கிளின் கைப்பிடியை வெட்டித் தாழ்த்தி, இருக்கையை இறக்கி, பிரேக்கைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இறக்கத்தில் அதன் மேல் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டி, பறவை போலப் போவார்கள். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில், ஜொகூர் பாருவில் மேடும் வளைவுமான ஒரு சாலையில் இப்படிப்பட்ட வண்டிகளோடு கூடியிருந்த பையன்கள் மீது ஒரு கார் மோதி, எட்டுப் பேர் இறந்து போனார்கள். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள். நாடே அதிர்ந்தது. அந்த வாரம் எங்கள் பள்ளிச் சபைகூடலிலும் அதைப் பற்றிப் பேசினோம். "வேண்டாம், வேண்டாம்" என்று பத்து முறை சொன்னோம்.

அந்தப் பத்து முறையையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன்தான் எங்கள் பையன். மூன்றாண்டுகள் கழித்து, செம்பனைக் காட்டிலிருந்து இறங்கும் செம்மண் சாலையில், பிரேக் இல்லாத வண்டியில் வந்து, பழக்குலை ஏற்றிய டிராக்டரின் பக்கவாட்டில் மோதினான். உயிர் தப்பியது. தொடையெலும்பும் தோளெலும்பும் முறிந்தன. இன்று அவன் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறான். அவனை வளர்த்த பாட்டி மருத்துவமனை நடைகூடத்தில் எங்களைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "சார், அதில் பிரேக் இல்லையென்று எனக்கு யாருமே சொல்லவில்லையே?"

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. வேண்டாம் என்று சொன்னோமே தவிர, பிரேக் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, வண்டியில் அது இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் பாட்டிக்கும் சொல்லவில்லை, பேரனுக்கும் சொல்லவில்லை. ஆகவே, இந்தத் தாயாரிடம், "அம்மா, வருகிற சனிக்கிழமை காலையில் மகனையும் வண்டியையும் பள்ளிக்குக் கூட்டி வாருங்கள். நீங்களும் வர வேண்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

சனிக்கிழமை வந்தார்கள். வண்டி பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. மெலிந்த சக்கரங்கள், ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்த கைப்பிடி. பையனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் பிரேக் பிடியை அழுத்திப் பார்க்கச் சொன்னோம். பிடி கைப்பிடியோடு ஒட்டுமளவுக்கு உள்ளே போய்விட்டது. "இது சரியா சார்?" என்றார். சரியில்லை. பிடிக்கும் கைப்பிடிக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி மிஞ்சும்போதே வண்டி நின்றுவிட வேண்டும். ரப்பர் கட்டைகளைப் பார்த்தோம். அவற்றில் பள்ளமாக வெட்டியிருக்கும் கோடுகள் தேய்ந்து மறைந்துவிட்டன. கம்பி ஓரிடத்தில் துருப்பிடித்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. வண்டிக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்த பையன், சில வெள்ளி விலையுள்ள இந்தச் சாமான்களை மாற்றவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை போலும். அன்றே ஈப்போவுக்குப் போய் நான்கு கட்டைகளையும் இரண்டு கம்பிகளையும் வாங்கி வந்து மாற்றினான்.

அந்தச் சின்னஞ்சிறு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சற்று நேரம் ரப்பரைப் பற்றிப் பேசினோம். நம் குடும்பங்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்யியர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிப்படும் என்று கண்டறிந்தார். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று, காற்றடைத்த ரப்பர் சக்கரத்தைச் செய்தார். சைக்கிளும், அதன் பின் மோட்டார் காரும் உலகெங்கும் பெருகின. ரப்பருக்குத் தேவை கூடியது. நம் பேராக்கின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பின்னால், மலை மலையாகத் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களுக்காகத்தான் நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்தார்கள். மேல்நாட்டுப் பிள்ளைகள் குலுங்காமல் சைக்கிள் ஓட்டப் பால் எடுத்துக் கொடுத்தவர்கள் நாம். அதே ரப்பர்தான் இன்று நம் பிள்ளையையும் தாங்கி நிற்கிறது. அதுவும் எவ்வளவு இடத்தில் தெரியுமா? காற்று நிறைந்த ரேஸ் சைக்கிள் சக்கரம் சாலையைத் தொடுகிற இடம், நம் கட்டைவிரலின் மேற்பாகம் அளவுதான். இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு கட்டைவிரல். முழுப் பிள்ளையும் அதன் மேல்தான் நிற்கிறான். மணல், காய்ந்த இலை, எண்ணெய்க் கறை, மழையில் நனைந்த வெள்ளைக் கோடு, இவற்றில் எதன் மேலாவது அந்தக் கட்டைவிரல் பட்டால் பிடிமானம் போய்விடும்.

பிறகு சோதனை. பள்ளிக்கு மேலே உள்ள தார்ச்சாலை இறக்கத்தில், வண்டிகள் வராத நேரமாகப் பார்த்து, சுண்ணாம்பினால் ஒரு கோடு போட்டோம். பையன் தலைக்கவசம் அணிந்து மேலிருந்து வர வேண்டும். கோட்டைத் தொட்டவுடன் பிரேக் பிடிக்க வேண்டும். அம்மா காலடியால் தூரத்தை அளக்க வேண்டும். முதல் முறை அவன் தன் வழக்கப்படி பின் பிரேக்கை மட்டும் பிடித்தான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது, வண்டி பாம்பு போல நெளிந்தது. இருபத்தைந்து காலடி தாண்டி நின்றான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

ஏன் அப்படி என்று கேட்டீர்களானால், வண்டி நிற்கப் பார்க்கும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்கிறது. பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னால் விழப் போகிறோம் அல்லவா, அதைப் போல. முன்சக்கரம் அழுந்துகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். நம் பிள்ளைகளோ முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்று பயப்படுகிறார்கள். வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வார்கள். உடம்பை இருக்கையின் பின்பக்கமாகத் தள்ளி, கைகளை ஊன்றிக்கொண்டு, ஈரத்துணியைப் பிழிவது போல மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டினால் விழ மாட்டார்கள். இரண்டு பிரேக்கையும் அப்படிப் பிடித்துப் பழகிய பின், ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, பதினொரு காலடியில் நின்றான். அடுத்து, சக்கரத்தின் வளையத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வரச் சொன்னோம். அதே கை, அதே பிரேக், இருபது காலடி. நனைந்த வளையத்தில் முதலில் தண்ணீரை வழித்தெடுக்கவே ரப்பர் கட்டைக்கு நேரம் வேண்டும். கேமரன் மலையில் பிற்பகல் மழை எவ்வளவு சகஜம் என்பது நமக்குத் தெரியும்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வளைவைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தோம். இதுதான் மிக முக்கியம் என்பது எங்கள் கருத்து. வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பவன் காலம் கடந்து பிடிக்கிறான். சாய்ந்திருக்கும் வண்டியின் சக்கரம் ஏற்கெனவே திரும்புவதற்காகச் சாலையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. நிற்கவும் வேண்டும் என்று அதனிடம் கேட்டால், இரண்டு வேலையையும் விட்டுவிட்டு வழுக்கும். வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்து மிதிகட்டையைக் கீழே இறக்கி, அதன் மேல் பாரத்தை ஊன்ற வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் பள்ளத்துக்குத்தான் போகும். வளைவு முடிகிற இடத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இடப்பக்கம் திரும்பும் வளைவில் வேகம் மிஞ்சினால், வண்டி வெளிப்பக்கமாக, அதாவது நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் லோரியை நோக்கி இழுபடும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் மிஞ்சினால் சாலையோரத்து மணலுக்கும் பள்ளத்துக்கும் இழுபடும். இரண்டில் எது நல்லது என்று ஒரு மாணவன் கேட்டான். பிள்ளைகளின் கேள்விகள் சில நேரம் அப்படித்தான் இருக்கும்!

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வரக்கூடாது என்பதையும் சொன்னோம். பையனும் வண்டியும் சேர்ந்து 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் பிரேக்கே விழுங்கினால், அந்தச் சூட்டில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தேநீர் போடலாம். தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா அடிவாரத்தில் இருக்கிறது. ஆக, ஏறத்தாழ பதினான்கு குவளைத் தேநீரின் சூடு! அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி, சக்கர வளையத்தில்தான் ஏறும். வளையம் மிஞ்சிச் சூடானால் உள்ளே இருக்கும் காற்றுக் குழாய் வெடிக்கவும் கூடும். பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து வர வேண்டும். விடுகிற நேரத்தில் காற்று வளையத்தை ஆற்றும். அவ்வப்போது நிறுத்தி இறங்கிக் கையையும் உதறிக்கொள்ள வேண்டும். விரல்கள் மரத்துப் போன பிறகு பிரேக் இருந்தும் பயனில்லை.

பெரிய வண்டிகளுக்கும் இந்த இறக்கங்கள் பொல்லாதவைதாம். 2010ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு சுற்றுலாப் பேருந்து கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து வந்த பயணிகள்.

எங்கள் பேராக்கிலிருந்து கேமரன் மலைக்கு இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று, தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைக் கடந்து ரிங்லெட் வழியாகப் போகும் பழைய சாலை. தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மற்றது, சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகப் போகும் புதிய சாலை. பழைய சாலை குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவு. புதியது அகலமானது, நீண்டு நேராகச் சரிவது. எது ஆபத்து என்று கேட்டால் எல்லாரும் பழையதைத்தான் காட்டுவார்கள். நாங்கள் புதியதைக் காட்டுவோம். குறுகிய வளைவு பிள்ளையைப் பயமுறுத்தி வேகத்தைக் குறைக்க வைக்கிறது. அகலமான நேர்ச்சாலையோ, "வா, வா" என்று அழைக்கிறது. வேகம் ஏறுவது தெரியாமலே ஏறிவிடும். மேலிருந்து காய்கறி லோரிகள் வரும், சிம்பாங் பூலாயை நெருங்கினால் கல்லுடைக்கும் மலைகளின் லோரிகள் சேரும். லோரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு, அது கிழிக்கும் காற்றில் போகிற பையன்களும் இருக்கிறார்கள். முன்னால் இருக்கும் குழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அங்கே இருப்பது லோரிக்காரருக்கும் தெரியாது.

"சார், பந்தயக்காரர்கள் மட்டும் வேகமாக இறங்குகிறார்களே?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் கெந்திங் மலைக்கும் கேமரன் மலைக்கும் வந்த ஆண்டுகள் உண்டு. உலகப் பெரும் பந்தயங்களில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியும் இறங்குகிறார்கள். ஆனால் அவர்களுக்காகச் சாலையை மூடி வைக்கிறார்கள். எதிரே லோரி வராது. அப்படியிருந்தும் என்ன நடந்திருக்கிறது? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்ற இத்தாலியர் ஃபேபியோ காசர்தெல்லி, 1995இல் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் மலையிறங்கும்போது விழுந்து இறந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. 2003இல் கசகஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலியோவ் பந்தயத்தில் விழுந்து இறந்த பிறகுதான், அனைத்துலகச் சைக்கிள் சங்கம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 2021 ஏப்ரல் முதல், இருக்கையை விட்டு இறங்கி வண்டியின் மேல்தண்டில் குந்திக்கொண்டு இறங்குவதையும் அதே சங்கம் தடை செய்துவிட்டது. உலக வீரர்களுக்கே ஆகாத ஒன்றை நம் பிள்ளைகள் பிரேக் இல்லாத வண்டியில் குப்புறப் படுத்துச் செய்கிறார்கள்! 2023 ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் ஜீனோ மேடர் என்ற 26 வயது வீரர், அல்புலா கணவாயிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் விழுந்து இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். தலைக்கவசம் அவசியம்தான், ஆனால் அதை நம்பி வேகத்தைக் கூட்டுவதற்கில்லை.

இதைக் கேட்டபின் பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, வேகத்தில் வண்டியின் முன்பக்கம் நடுங்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று கேட்டான். அவனுக்கு ஒரு முறை அப்படி ஆகியிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும். இரண்டு முழங்கால்களாலும் மேல்தண்டை நெருக்கிப் பிடித்து, கைகளைத் தளர்த்தி, மெல்ல வேகத்தைக் குறைத்தால் அடங்கும் என்று சொன்னோம். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை வானொலியில் எப்படிச் சொல்வது!

நான்காம் சனிக்கிழமை முடிந்ததும் அம்மா தம் முடிவைச் சொன்னார். "போகட்டும் சார். பழைய ரோட்டில் போகட்டும், விடிந்த பிறகு போகட்டும். மழை வந்தால் சைக்கிள் லோரியில் ஏறிவிட வேண்டும். அந்த லோரியில் நான் இருப்பேன்." அவருடைய தம்பி கேமரன் மலையில் காய்கறி லோரி ஓட்டுகிறார். நான்கு பையன்களில் இருவருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. ஒருவனின் வண்டியில் முன் பிரேக் சரியில்லாததால் அம்மாவே அவனை லோரியில் ஏற்றிக்கொண்டார். ஆக, கடைசியில் இறங்கியது அவர் மகன் ஒருவன் மட்டும்.

மறுநாள் திங்கட்கிழமை இருவரும் பள்ளிக்கு வந்தார்கள். லாத்தா இஸ்கண்டார் வருவதற்குள் ஏழு இடத்தில் நிறுத்தினானாம். அங்கே சக்கர வளையத்தைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டானாம். அடுத்த வளைவில் ஒரு பேருந்து பாதிச் சாலையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்ததை அம்மா லோரியிலிருந்து பார்த்திருக்கிறார். "நான் கண்ணை மூடிக்கொண்டேன் சார். திறந்து பார்த்தால், இவன் அந்த வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறான்" என்றார். தாப்பா பசாரில் மகனுக்கு இரண்டு தோசையும் தேநீரும் வாங்கிக் கொடுத்தாராம். திட்டினீர்களா என்று கேட்டோம். "திட்டாமல் இருப்பேனா?" என்றார்.

பையன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். கழற்றிய முன் பிரேக்குக் கட்டைகள் இரண்டு. ஒரு மாதத்துக்கு முன் புதிதாகப் போட்டவை. பயிற்சியிலும் அந்த ஒரு காலையிலும் பாதியாகத் தேய்ந்திருந்தன. அவற்றையும் பக்கத்தில் ஒரு புதுக் கட்டையையும் அட்டையில் ஒட்டி, எங்கள் பள்ளியின் அறிவியல் அலமாரியில் வைத்திருக்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அடிக்கோல் வைத்து அளந்து பார்க்கிறார்கள்.